இரட்டைப் பதிவு

லிங்கன் நகர மேட்டில், பேராலயத்துக்குப் பின்பக்கம்,
புனித பொட்டால்ஃப் கல்லூரியில் எனக்கு
யன்னல் இல்லாத ஓர் அறையும்
நேர அட்டவணையும் தந்திருக்கிறார்கள்.
யார் எப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதை
நான்தான் முடிவுசெய்கிறேன்.
கடவுளுக்கும் அதே வேலைதான் என்கிறார் சிற்றாலயக் குரு பார்னபி.
இருக்கலாம்.
அவருக்கு வரும் முறைப்பாடுகளுக்கு
மூன்று வேலைநாளுக்குள் பதில் எழுதத் தேவையில்லை.

பெப்ரவரி இரண்டாம் கிழமை
பழைய கட்டடத்தில் குழாய் வெடித்தது.
பதினான்காம் அறையின் கம்பளம் சேறு.
மெய்யியல் இரண்டாம் ஆண்டை எங்கேயாவது போடு என்றார்கள்.
ஒன்பது பேர். எங்கேயும் போடலாம்.
போட்டேன்:
செவ்வாய், பத்து மணி, விளையாட்டு மண்டபம்.
அங்கே உடற்கல்வி இரண்டாம் ஆண்டு
நாற்பத்திரண்டு பேர் ஏற்கெனவே இருப்பதைத்
திரை சிவப்பில் காட்டியிருக்கிறது.
நான் அப்போது தேநீர்ப் பையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

பத்தேகாலுக்குத் தொலைபேசி. ஓடினேன்.

பூப்பந்தாட்டக் கோடுகளின் நடுவே
ஒன்பது கதிரைகள், அரைவட்டமாக.
கலாநிதி ஹெஸ்டர் தோர்ப் மேற்கோட்டைக் கூடக் கழற்றவில்லை.
சுற்றிவர நாற்பத்திரண்டு பேர் கயிறடிக்கிறார்கள்.
கயிறு தரையைத் தொடும் இடைவெளிகளில்
அவர் கேட்கிறார்:
வலி உங்களிடம் இருக்கிறதா,
அல்லது நீங்களே வலியா?

பயிற்றுநர் ஓவெய்ன் விசிலை வாயில் வைத்தபடி
ஊதாமல் நின்றார். அது மரியாதை.
பிறகு தன் ஆட்களைக் குப்புறப் போகச் சொன்னார்,
முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில்.
சத்தமில்லாத பயிற்சி அது ஒன்றுதான்.

இரண்டு பாடமும் சேர்த்துப் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள்,
டெய்லா, கிரிம்ஸ்பி துறைமுகத்துப் பெண், குண்டெறிபவள்.
என் அட்டவணைப்படி அவள்
ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க வேண்டும்.
இருந்தாள்.
கதிரையில் குறிப்பேட்டை வைத்துவிட்டு
அதன் காலடியிலேயே உடம்பைப் பலகையாக்கிக் கிடந்தாள்.
தொண்ணூறாவது நொடியில் தோள் நடுங்கியது.
"இருக்கிறது," என்றாள் தரையைப் பார்த்து.
"ஆனா அது நானில்லை. பொறுங்கோ."
பதினொரு நொடி.
"இப்ப நான்தான்."

அவளுக்கு முன்னமே விழுந்துவிட்டவர்கள் சிரித்தார்கள்.
கலாநிதி தோர்ப் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அவள் பேசியது ஆங்கிலம். எனக்குள் இப்படித்தான் கேட்டது.

என் மொழியில் மெய் என்றால் உண்மை.
மெய் என்றால் உடம்பு.
எந்தக் காலத்திலோ யாரோ
ஒரே சொல்லை இரண்டுக்கும் பதிந்துவிட்டு
மன்னிப்பும் கேட்காமல் போயிருக்கிறார்கள்.
புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே பெயர்தான்,
உயிர் வந்து ஏறும்வரை
வாய்க்குள் முட்டிக்கொண்டு நிற்கும் க், ச், ப்.
மெய்யியலில் ஒரேயொரு தவணை படித்தவள் நான்,
பரீட்சைக்கு இருக்கவில்லை,
இந்தச் சொல் மட்டும் கையோடு வந்தது.

ஓவெய்னிடம் சொல்லலாம் என்று கிட்டப் போனேன்.
வெப்பமூட்டியைப் பார்க்கவா வந்தீர்கள் என்று கேட்டார்.
ஓம் என்றேன். தொட்டும் பார்த்தேன்.
சூடாகத்தான் இருந்தது.

மதியத்துக்கு முன் மின்னஞ்சல் அனுப்பினேன்:
'பதிவில் நேர்ந்த மனிதத் தவறுக்கு வருந்துகிறோம்.'
வருந்துகிறோம் என்பது நான் ஒருத்தி.
அடுத்த செவ்வாய்க்குக் கம்பளம் காய்ந்துவிடும்,
ஒன்பது பேரும் பதினான்காம் அறைக்குத் திரும்புவார்கள்,
அடுத்த வருடம் அந்த ஒன்பது எத்தனை ஆகும் என்று
ஜூனில் ஒரு குழு கூடும்,
அந்தக் கூட்டத்துக்கும் நான்தான் அறை தேட வேண்டும்.

ஐந்தே காலுக்கு
தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை என்று பார்த்து
கதவைப் பூட்டினேன்.
சப்பாத்தைக் கழற்றினேன்.
முழங்கையை ஊன்றிக் காலை நீட்டி
மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவே.
ஐம்பத்து மூன்று வயது.
கம்பளத்தில் ஒரு காகிதப் பிடியும்
எப்போதோ கொட்டிய சீனியும் தெரிந்தன.
தலைக்கு மேலே, சுவருக்கு அப்பால்,
பேராலய மணி கால் மணிக்கு அடித்து முடித்திருந்தது.

பொய் சொல்லமாட்டேன்.
முப்பத்தொரு நொடி.