மீதி நாலு

ராத்திரி ஷிப்ட் முடிந்து
ஐஸ் பேக்டரி வாசலில் டீயும் பன்னும்.
நாலாம் நாள். நெஞ்சில் கரகரப்பு இல்லை.
அட்டையில் இன்னும் நாலு மாத்திரை.

"உனுக்குத்தான் சரியாப்பூச்சே,
மீதிய இப்டி தள்ளு" என்கிறான் தேசப்பன்,
இருமலுக்கு நடுவே.

பீடி கொடுத்திருக்கிறேன், கைமாத்து,
ஒருதரம் காசிமேட்டு மழையில்
கால் செருப்பையே.

ஸ்டான்லி டாக்டரம்மா
'ஐந்து நாள்' என்பதைச் சுற்றிப் போட்ட வட்டத்தில்
சீட்டே கிழிந்திருந்தது.
அதோடு,
சின்ன வயசில் பென்சிலின் ஊசிக்கு
உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதை
இவன்தான் சொன்னான், இதே பெஞ்சில்.

"எட்டு மணிக்கு ஓ.பி. தொறக்கும்.
வா, வரிசையில நானும் நிக்கிறேன்."

முறைக்கிறான்.
பன்னின் கடைசித் துண்டு, தண்ணீர்,
ஒன்று விழுங்குகிறேன்.

மூன்று.