கறுப்பு உப்பளம்

மாசி. மைனஸ் பத்தொன்பது.
ஜோன்-தலோன் சுரங்கப்பாதையால் நடந்து
ரயில் பாதைக்கு மற்றப் பக்கம் ஏறினால்
எங்கட பலசரக்குக் கடைகளின் வாசம் முடிந்து
இத்தாலியரின் கோப்பி வாசம் தொடங்கும்.
மண்டபம் அங்கே.
எனக்குக் கோட்டு வாங்கி மாட்டுகிற வேலை.
ஒரு கோட்டுக்கு இரண்டு டொலர்,
பாதி மண்டபத்துக்கு, பாதி எனக்கு.

முதல் இரண்டு இலக்கமும்
கீபோட் வாசிக்கிற பியொரென்சோவுக்கு.
பின் அறையில் கொழுவி இல்லையாம்.
ஒன்று அவருடைய கம்பளிக் கோட்டு.
மற்றது சின்ன அளவுத் தோல் ஜாக்கெற்,
இடது முழங்கையில் ஒட்டு.
ஆள் பிந்தி வருவார் என்றார்.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டிய ஆம்பிளையள்.
முடி போய் முப்பது வருஷமானாலும்
அது தோளில் கிடப்பதுபோலத் தலையைச் சிலுப்புகிறார்கள்.
பைகளில் காதுக் கருவிக்குப் பற்றரி.
நூற்றுப் பதினெட்டுத் துண்டு கொடுத்தேன்.

பக்கத்து மேசையில் இசைத்தட்டு விற்கிற றெஜான்
கேட்காமலே சொன்னான்:
எழுபத்து மூன்று. துறைமுக ஊர்ப் பெடியள் நாலு பேர்.
லா சலீனா நேரா என்று பெயர் வைத்தார்கள்,
கறுப்பு உப்பளம்.
உப்பு எப்படிக் கறுக்கும் என்று நான் கேட்கவில்லை.
ஆனையிறவைத் தாண்டி வந்தவளுக்கு
அதை ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

ஐந்து வருஷம், மூன்று தட்டு.
இரண்டாவதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு,
இருபத்து மூன்று நிமிஷம்.
ரிக்கற்றுக்குக் காசு கேட்டதற்காக
தங்கள் நாட்டில் கல்லெறி வாங்கினார்கள்.
இங்கே ஹொக்கி அரங்கு நிறைய ஆட்கள்
நெருப்புக்குச்சி கொளுத்தி நின்றார்களாம்.
றெஜானுக்கு அப்ப பதினேழு.
விரல் சுட்டதாம், தழும்பைக் காட்டினான்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
தெரியுது என்றேன்.

பிறகு?
பிறகு டிஸ்கோ வந்தது.
பாடினவர் காப்புறுதி விற்றார்.
கிற்றார்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார்.
விற்காத மூன்றாவது தட்டை உருக்கி
வாளி செய்தார்கள் என்று கேள்வி.
போன வருஷம் ஒரு ரயர் விளம்பரத்தில்
பதினொரு விநாடி வந்தது.
காசு?
வழக்குப் போகுது.

கதவு மூடியது.
கதவுக்கு இந்தப் பக்கம் பாட்டு வராது,
அதன் எலும்புதான் வரும்.
மெலோட்ரான் என்று ஒரு பெட்டியாம்.
கட்டையை அழுத்த உள்ளே ஒரு துண்டு நாடா ஓடும்,
யாரோ எப்போதோ வாசித்த வயலின்
எட்டு விநாடி அழும்.
அதற்கு மேல் அழ நாடா இல்லை.
விரலை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும்.

என் விரல்கள் மேசையில் தாமாகத் தட்டின.
தகிட தகதிமி, தகிட தகதிமி.
இது மிஸ்ர சாபு அல்லவா என்றேன்.
செவன்-எய்ட் என்றான் றெஜான்.
தன் சாமியின் பேரை அவன் சொன்னான்.

பதினாறாம் நிமிஷம் சத்தம் நின்றது.
முடிந்ததென்று எழும்பி
முதல் நாலு கோட்டுகளையும் கையில் எடுத்துவிட்டேன்.
ஒருவரும் வரவில்லை. கைதட்டும் இல்லை.
றெஜான் உதட்டில் விரல் வைத்தான்:
துல்லியோவின் இடம். றம்ஸ் தனி. நாற்பத்தொரு சுற்று.
வாடகைக்கு வந்த பெடியன்
குச்சிகளை மடியில் வைத்திருப்பான்.
துல்லியோ எங்கே?
உதட்டிலிருந்து விரலை அவன் எடுக்கவில்லை.

எங்கட பாஷையில் அந்தப் பேருக்குள்
பிசகாமல் என்று ஒரு சொல் இருக்கிறது.
அதைச் சொல்ல அது நேரமில்லை.
தோல் ஜாக்கெற் மேலே கிடக்க
நின்றபடி ஏழு ஏழாக எண்ணினேன்.
முப்பத்தெட்டில் எனக்குப் பிழைத்தது.
அவர்களுக்குப் பிழைக்கவில்லை.
எல்லாரும் ஒரே அடியில் இறங்கினார்கள்,
வெறும் கொழுவிகள் கம்பியில் கிணுகிணுத்தன.

கடைசியாக வந்தவர் பியொரென்சோ.
ஒன்றைப் போட்டார்.
மற்றதை உதறி, மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.
வெளியே இருபத்திரண்டுக்கு இறங்கிவிட்டது என்றேன்.
தலையாட்டினார்.
மேசையில் நாலு டொலர் வைத்தார்,
எண்ணித்தான் வைத்தார்.
இரண்டு மண்டபத்துக்கு.
இரண்டு எனக்கு.