நாலு விரற்கடை

குடலைப் பருவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
பட்டிமேட்டு வயலின் கிழக்கு வரம்பில்
நேற்றே குளம்படி கண்டேன்.
பெரியது ஒன்று, பக்கத்தில் சின்னச் சின்னதாய் நாலைந்து,
ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணி.

துவக்கு கிண்ணியாவிலிருந்து வந்துவிட்டது.
இடியன். முப்பத்தெட்டாயிரம்.
பெயர் மாற்றக் கச்சேரிக்கு மூன்று நாள்.
"புருஷன்ட பேருக்கா போடுற?" என்றவரிடம்
வயல் உறுதியை விரித்துக் காட்டினேன்.
தங்கேஸ்வரி என்பதை
ஒற்றைக் கொம்பு போட்டு எழுதித் தந்தார்.
வாங்கிக்கொண்டு வந்தேன்.
பன்றிக்கு எழுத்துப்பிழை தெரியாது.

உரச்சாக்கை விரித்துக் கிடத்தினேன்.
பிடியில் வெடிப்பு; யாரோ செப்புக்கம்பியால்
ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறார், நல்ல கை.
குதிரையைப் பாதி இழுத்தால் நிற்கிறது.
முழுக்க இழுத்தால்
பூட்டியிருந்த அறைக்கதவு போல ஒரு முனகல்.
வில்லுக்கு எண்ணெய் காணாது, அவ்வளவுதான்.
நிப்பிளின் துளையில் பச்சைக் களிம்பு,
ஊசி போகவில்லை.

பிறகு சலாகையை உள்ளே விட்டேன்.
முட்டிய இடத்தில் நகத்தால் கீறி,
வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்தேன்.
நாலு விரற்கடை குறைகிறது.

விரல் தடித்துவிட்டதோ என்று
மறு கையால் அளந்தேன்.
நாலுதான்.

அன்று சப்ராஸ்
சுவரிலிருந்து இதைக் கழற்றினான்.
கீழே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.
குழல்வாயில் ஒரு கண்ணை வைத்து,
"உள்ளுக்குப் பளிங்கு மாதிரி, பாருங்க"
என்று நீட்டினான்.
நானும் வைத்தேன்.
இடது கண்.
ஆட்டோவில் மடியில் கிடத்தி வந்தேன்,
வாய் டிரைவரின் பிடரிப் பக்கம்.
அவர் வழியெல்லாம்
மகளின் சோதனை முடிவைச் சொல்லிக்கொண்டு வந்தார்.
மூன்று ஏ.

போனில் சொன்னேன்: "உள்ளே இருக்கு."
"என்ன இருக்கு?"
"வெடி."
அந்தப் பக்கம் கோப்பை கழுவும் சத்தம்.
ஒரு குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்தது.
"வாப்பா மௌத்தாகி ஏழு வருஷம்" என்றான்.
"அதுக்குப் பொறகு ஒருத்தரும் தொடல்ல."
கொஞ்சம் கழித்து,
"வீட்டுல ஆறு புள்ளைகள்" என்றான்.
லைன் அறுந்ததா, அவன் வைத்தானா தெரியாது.

வாய் வழியே தண்ணீர் ஊற்றி
இராமுழுதும் தொட்டிக்குள் சாத்தி வைத்தேன்.
விடிய, சலாகை நுனியில் திருகாணி மாட்டித் திருக,
முதலில் தும்பு வந்தது, பழுப்பாய், உருண்டையாய்.
பிறகு ஈயம்.
கடையில் வாங்கிய சன்னமில்லை, வலையில் கோக்கிற ஈயம்,
துண்டு துண்டாய் நறுக்கியது. பதினொன்று.
ஒன்றில் இன்னும் நீல நைலோன் நூல்.
கொட்டியாரக் குடாவில் மீனுக்காக அமிழ்ந்தது
பன்றிக்காக ஏழு வருஷம் சுவரில் தொங்கியிருக்கிறது.
கடைசியில் மருந்து,
கரிக்கஞ்சியாய், கூழ்முட்டை நாற்றத்தோடு.
வாய்க்காலோரம் குழி தோண்டி மூடினேன்.
கோழி வந்து பார்த்தது; அதற்கும் பிடிக்கவில்லை.

கொதிநீர், சவுக்காரம், பழைய சாரத்துணி.
முதல் துண்டு தார்.
நாலாவது, சாயத்தண்ணி.
ஒன்பதாவதில்தான் துணி துணியாக வந்தது.
தையல் மெசின் எண்ணெய் தடவினேன்.
கேப் மட்டும் வைத்துத் தட்டினேன்:
குழல்வாய்க்கு முன்னால் ஒரு புல் சாய்ந்து நிமிர்ந்தது.

சலாகையில் கத்தியால் ஒரு கோடு: வெறுங்குழல்.
நாலு விரற்கடை தள்ளி இன்னொன்று.
இனி இதைத் தொடுகிறவர்
கண்ணை வைக்க வேண்டியதில்லை.

பின்னேரம் சப்ராஸ் எடுத்தான்.
"அந்த ஈயம் கெடக்கா?"
"கிடக்கு."
"எனக்கு ஒண்டு வையுங்க."
"மற்றது?"
"மற்றதுக்கென்ன. அவர் பன்றிக்கு வச்சதுதானே."

நீல நூல் இருந்ததைத் தனியே எடுத்தேன்.
பத்து மீதி.
இரண்டு வெடிக்குக் காணும்.