நூலிழை

பகலெல்லாம் ஓஸ்ட்ராவாவில் டிராம் ஓட்டுகிறேன்.
ஸ்டியரிங் இல்லாத வண்டி.
வியாழன் இரவுகளில் பள்ளிக்கூட நிலவறைக்கு இறங்கி
உள்ளங்கை நீளக் கார் ஒன்றை ஓட்டுகிறேன்.
அதற்கும் ஸ்டியரிங் இல்லை.
"உனக்கு அலுக்கவே அலுக்காதா, போஹ்தானா?"
டிராம் தடம் புரண்டால் பேப்பரில் வரும்,
இது புரண்டால் யாராவது எடுத்து வைப்பார்கள்
என்பேன்.

மரப்பலகையில் ஆறு பள்ளங்கள்.
ஒவ்வொன்றின் இருகரையிலும் செம்புப் பின்னல்.
சுட்டுவிரல் அழுத்தினால் மின்சாரம்,
விட்டால் பிரேக்.
அழுத்த ஒரு மாலையில் கற்றுக்கொண்டேன்.
விட, இது ஒன்பதாவது வருஷம்.

இந்தக் குளிர்காலம் முழுக்கக் கழற்றினேன், பூட்டினேன்.
காந்தம் கூடாது, சங்கத்தின் விதி.
(காந்தம் இருந்தால் பொம்மை,
இல்லாவிட்டால்தான் கார் என்பார் வ்ராதிஸ்லாவ்.)
பின்சக்கர ரப்பரை உப்புத்தாளின் மேல் ஓடவிட்டு
வட்டம் வட்டமாகும்வரை தேய்த்தேன்.
பத்துப் பல் சக்கரத்தை எடுத்துப் பதினொன்று போட்டேன்,
மறுபடி பத்து.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
சிகரெட் தாள் கனத்துக்கு இடம்.
அடிச்சட்டத்தில் ஈயம்: மூன்று கிராம், இரண்டு,
பிறகு ஒருநாள் விடியற்காலையில் இரண்டரை.
மேல்கூட்டின் திருகை அரைச்சுற்றுத் தளர்த்தினால்
வளைவில் அது லேசாக ஆடிச் சமாளித்துக்கொள்கிறது,
கம்பியைப் பிடித்து நிற்கும் பயணி மாதிரி.

பருவத்தின் கடைசி வியாழன்.
என் ஆறு தடங்களும் முடிந்தன:
நூற்று எண்பத்துநான்கு சுற்று, கொஞ்சம் சில்லறை.
ரதெக்குக்கு இன்னும் மஞ்சள் தடம் பாக்கி.
ஓட்டி முடித்தவர் வளைவில் காவல் நிற்க வேண்டும்,
அதுவும் விதி.
எனக்கு விழுந்தது கொண்டை ஊசி.

மூன்று நிமிடம்.
நாற்பதாவது விநாடியில் அவன் கார் வால் வீசி,
பள்ளத்தை விட்டுத் துள்ளி,
என் முன்னால் மல்லாந்தது, சக்கரம் சுற்றச் சுற்ற.

யோசித்தேன் என்று எழுதினால் பொய்.
யோசிக்கவில்லை என்று எழுதினாலும்.
கை போனது.
நீலக் கார் கடக்கட்டும் என்று ஒரு கணம்,
எடுத்து, அடிநாக்கைப் பள்ளத்தில் செருகி, விட்டேன்.
சுத்தமான கை. வ்ராதிஸ்லாவே தலையாட்டினார்.

ஆனால் அதற்குப் பின் மஞ்சள் தடத்தில் ஓர் இழுவை.
நேர்ப்பாதையின் முடிவில்
மோட்டாரின் கீச்சுக் குரல்
எட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு படி கீழேயே நின்றது.
ரதெக் கைவிசையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.

மின்சாரம் நின்றது.
அவனுக்கும் நூற்று எண்பத்துநான்கு.
சில்லறையில் நான் முன்னால்,
ஒன்றரை முழம்.

பீர். பிளாஸ்டிக் கோப்பை. கைதட்டல்.
மேசை விளக்கின் கீழே ரதெக்
காரைக் கவிழ்த்துச் சாமணத்தால்
பின் அச்சிலிருந்து எதையோ உருவிக்கொண்டிருந்தான்.
வந்தது, வந்தது, இன்னும் வந்தது:
சிவப்புக் கம்பளி, ஒரு விரல் நீளம்.
என் ஸ்வெட்டரின் வலது மணிக்கட்டு
பிரிந்துகொண்டிருந்தது
எனக்கே அப்போதுதான் தெரியும்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நூலை வெளிச்சத்தில் நீவி நேராக்கி
முடிவுத் தாளில், எங்கள் இரு பெயருக்கும் நடுவே,
டேப் போட்டு ஒட்டி
கீழே கையெழுத்திட்டான்.
வ்ராதிஸ்லாவ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
ஈயம் இருந்தது, ரப்பரின் அகலம் இருந்தது,
பசை, எண்ணெய், எல்லாம் இருந்தன.
கம்பளி இல்லை.

அடுத்த வியாழன்
ஸ்வெட்டர் போடாமல் போனேன்.
நிலவறையில் மூச்சு புகையாக வந்தது.
ரதெக் ரப்பரைத் துடைத்துக்கொண்டே,
நிமிராமல்:
"கையை மடிச்சு விட்டிருந்தாலே போதுமே."