எச்சரிக்கை ஒட்டும் வேலை

கப்பலில் நாற்பது நாள்,
பிறைக் கிடங்கில் நாலு நாள்.
பிறகு பீச் ஸ்ட்ரீட் கடையின் பின்கட்டில்
அறுபது பெட்டி ஒயின் என் மேசைக்கு வந்தது.
போத்தலுக்கு ஒரு வில்லை.
மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்று
மலாயில், கறுப்பு எழுத்தில்.
கோணக்கூடாது.
ஒன்பது வருடமாக ஒட்டுகிறேன்.
உள்ளே இருப்பதை நாக்கு நுனியில் வைத்ததில்லை.

பெரிய கம்பெனிப் போத்தல்கள்
ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும்,
ஒட்டிவிட்டு மறந்துவிடலாம்.
இவற்றில் அட்டையே சாய்ந்திருந்தது.
பசை வழிந்திருந்தது.
யாரோ என்னைப் போல உட்கார்ந்து
கையால் ஒட்டியிருக்கிறார்கள்.
பின்பக்க மூலையில் நீலப் பேனாவில் ஓர் எண்.
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற கை,
நானூறு வரை அதே கை.
அப்புறம் எழுத்து குட்டையும் நெட்டையுமாகி
நாலெல்லாம் முகம் திரும்பி நின்றது.

கூவிடம் கேட்டேன்.
இத்தாலியில் ஒரு குன்று, என்றார்.
அப்பா, அம்மா, இரண்டு மகள்கள், ஒரு டிராக்டர்.
சின்னவளுக்கு ஏழு வயது.
சமையலறையில் உட்கார்ந்துதான் விலை பேசினாராம்.

சனி இரவு குளிரறையில் மின்சாரம் போனது
திங்கள்தான் தெரிந்தது.
நானூற்றுப் பதினேழு மட்டும்
தக்கையைக் கால் அங்குலம் வெளியே தள்ளி
கழுத்தோரம் கசிந்திருந்தது.
விற்க முடியாது.
"நீயே எடுத்துக்கோ, புஷ்பராணி."

பெர்ரியில் மடியில் வைத்திருந்தேன்,
துண்டில் சுற்றி, களவாடியவள் போல.
எங்கள் வீட்டில் போத்தல் என்றால்
தம்பி சுகுமாறன்.
சம்சு. மூன்று வெள்ளிக்கு ஒரு குப்பி.
முப்பத்தோரு வயதில்
சாக்கடை ஓரம், காலை ஏழு மணிக்கு.
அந்தக் குப்பியின் முதுகிலும் ஒரு வில்லை இருந்தது.
நேராகத்தான் ஒட்டியிருந்தார்கள்.

குடி குடியைக் கெடுக்கும் என்பதை
யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஆனால் மடியில் இருப்பதோ
ஒரு குடி சேர்ந்து செய்த குடி.
பிள்ளையைக் கூப்பிட்டு
எண் போடச் சொல்லியிருக்கிறார்கள்.
எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை எனக்கு.
பெர்ரிக்குத் தெரியும்,
அது பட்டர்வொர்த் போனது.

இரவு தம்பி மனைவி தவமணி வந்துவிட்டாள்.
ஒளிக்க நேரமில்லை.
போத்தலைத் திருப்பினாள்.
நான் ஒட்டியதைப் படித்தாள்.
திரும்பி நின்ற நாலை விரலால் தடவி
"இது யார் எழுத்து?" என்றாள்.
சொன்னேன்.
அடுக்களைக்குப் போனாள். வெகுநேரம் சத்தமில்லை.
இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள்.

கூவின் தாளில்
செர்ரி, பதனிட்ட தோல், புகையிலை என்றிருந்தது.
செர்ரியை நான் கேக்கின் மேல்தான் பார்த்திருக்கிறேன்.
எங்களுக்குக் கிடைத்தது
முதலில் ஒரு புளிப்பு,
பிறகு நாவல்பழம் தின்ற நாக்கின் தடிப்பு,
விழுங்கிய பின்னும் போகாமல்
வாழைப்பூ ஆய்ந்த விரலைச் சப்பியது மாதிரி
"துவர்ப்பு," என்றாள் தவமணி.
"சூட்டுல கெட்டுப்போச்சா, இல்ல இப்படித்தானா?"
ஒப்பிட எங்களிடம் வேறொன்று இல்லை.

"அவரு இதைக் குடிச்சிருந்தா..."
முடிக்காமல் முறுக்கை உடைத்தாள்.
விலை கேட்டாள்.
நூற்றெண்பது வெள்ளி என்றேன்.
சிரித்தாள்.
இருமல் வரும்வரை சிரித்தாள்.
நான் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்,
இருமல் நின்ற பிறகும்.

மீதியை மறுநாள் ஆட்டுக்கறியில் ஊற்றினாளாம்.
பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை நானூற்றுப் பதினெட்டில் தொடங்கினேன்.
முகம் திரும்பிய நாலு, பக்கத்தில் ஒன்று, எட்டு.
வழக்கமான இடத்தில் ஒட்டினால்
எண் பாதி மறையும்.
அரை அங்குலம் கீழே இறக்கினேன்.
வில்லை கோணிக்கொண்டது.
பிய்த்து ஒட்டவில்லை.
அடுத்ததை எடுத்தேன்.