பால் பரிசோதனை, மீனாட்சிபுரம்

ஓணத்துக்கு ஒன்பது நாள்.
டேங்கர்கள் கோபாலபுரம் வரை நிற்கின்றன.
ஒவ்வொன்றிலிருந்தும் இருநூறு மில்லி
என் மேசைக்கு வருகிறது.

மாவு கலந்திருந்தால் அயோடினில் நீலம்.
யூரியா என்றால் மஞ்சள்.
புளிப்பை மறைக்கச் சோடா போட்டிருந்தால்
ரோசாலிக் அமிலத்தில் ரோஜா நிறம்.
போன ஓணம் வரை இது போதும்.
இந்த முறை எவனோ எதையோ அளந்து ஊற்றி
ரோஜாவையே வெளுக்க வைக்கிறான்.
ஷீஜா சேச்சி திருச்சூரிலிருந்து
புதுப் புட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறாள்.
"இதுக்கும் வருவான். அவனும் கெமிஸ்ட்ரி படிச்சவனாக்கும்."

ஜன்னலுக்கு வெளியே
ரயில்பாதை ஜல்லியில் எருக்கு.
சாலைக்கு அந்தப் பக்கம் அதன் பெயர் எரிக்கு.
எந்தப் பக்கம் கிள்ளினாலும் அதே பால்.

அந்தப் பாலை யாரும் சோதனைக்கு அனுப்பியதில்லை.
ஆடு மோந்து பார்த்துவிட்டு
சிமெண்ட் சாக்கைத் தின்னப் போகிறது.
உயிரணுவின் சுவரில்
உப்பை வெளியே இறைக்கும் ஏற்றம் ஒன்று உண்டு.
எருக்கின் நஞ்சு அதன் அச்சில் போய்ச் செருகிக்கொள்ளும்.
இறைப்பு நிற்கும்.
இதயம் தன் கணக்கை மறக்கும்.

வெந்தய வரியன் அங்கேதான் முட்டையிடுகிறது.
பசித்திருந்தும் புழு உடனே தின்பதில்லை.
நடுநரம்பைக் கடித்துவிட்டுக் காத்திருக்கிறது,
மெயின் வால்வை மூடிய பிளம்பர் மாதிரி.
வெட்டில் பால் வடிந்து தீர்ந்தபின்
நுனியிலிருந்து சாப்பாடு.
குஞ்சுப் புழுக்கள் சில அவசரப்படும்.
வாய் பசையில் ஒட்டி
ஒரு காற்புள்ளி அளவுக்குக் காய்ந்து கிடப்பதை
லென்ஸில் பார்த்திருக்கிறேன்.

வடிந்தது போக மிச்ச நஞ்சு
வயிற்றுக்குள் போகத்தான் செய்கிறது.
ஆனால் இந்தப் புழுவின் ஏற்றத்தில்
எப்போதோ ஓர் எழுத்து மாறிவிட்டது.
நஞ்சு வந்து தட்டுகிறது, பொருந்தவில்லை.
பிழைதான்.
பிழையோடு பிறந்தது பிழைத்தது.

பிழைத்ததோடு விடவில்லை.
தின்ற நஞ்சைச் சேர்த்துவைத்து
ஆரஞ்சு நிறத்தில் விளம்பரம் வேறு.
மின்கம்பியில் கரிச்சான் ஒன்று
ஒருமுறை விழுங்கி, கக்கி,
அலகைக் கம்பியில் தேய்த்துத் தேய்த்து
அந்த நிறத்தை மனப்பாடம் செய்தது.

அந்த மனப்பாடத்தை நம்பி
இன்னொருத்தி பறக்கிறாள்.
பருப்புக்கீரை தின்று வளர்ந்தவள்,
உடம்பில் நஞ்சு ஒரு துளி இல்லை.
நிறம் மட்டும் அச்சு அசல்.
பின்சிறகில் மூன்று புள்ளிக்குப் பதில் ஒன்று.
கரிச்சான் எண்ணிப் பார்ப்பதில்லை.

எருக்கு திட்டம் போட்டது,
புழு சூழ்ச்சி செய்தது
என்றெழுதத்தான் கை போகிறது.
இருவருமே யோசிக்கவில்லை.
பால் நீர்த்த செடிகளைப் புழுக்கள் மொட்டையடித்தன.
அவசரப்பட்ட புழுக்கள் ஒட்டிக்கொண்டு செத்தன.
மிச்சம்தான் இந்த ஜன்னலில் தெரிகிறது.

நம் ஆள் யோசிப்பவன்.
அவனுக்கு லட்சம் தலைமுறை வேண்டாம்,
ஓர் ஓணம் போதும்.

விடியற்காலை ஐந்தே முக்கால்.
திருமூர்த்தியின் டேங்கர்.
நீலமில்லை, மஞ்சளில்லை,
ரோஜாவில்லை, புதுப் புட்டியிலும் ஒன்றுமில்லை.
"என்னக்கா, போகட்டுமா?"
சுத்தமான பாலாக இருக்கலாம்.
என் புட்டிகளுக்கு இன்னும் தெரியாத பாலாகவும் இருக்கலாம்.
கையெழுத்துப் போட்டேன்.

வெயில் ஏற, ஜன்னல் கம்பியில்
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வந்து ஒட்டியது.
கணவாய்க் காற்றில் சிறகு படபடக்கிறது.
ஒன்று...
பக்கத்தில் இருப்பது புள்ளியா நிழலா?
மெல்லக் கிட்டே குனிகிறேன்.

அடுத்த வண்டி ஹார்ன் அடிக்கிறது.