பாத்தாச்சு

மூன்றாவது கடிதம் வந்துவிட்டது,
இம்முறை நிமிடக் கணக்கோடு.
திங்கள் 3.10. திங்கள் 3.25.
புதன் 2.50, அடிக்கோடிட்டு, 'மிக நீளம்'.
எழுதியவர் சுவருக்கு அந்தப்பக்கத் திருவாட்டி கோ,
இரவுப் பணித் தாதி,
விடுப்பு நாளில் மட்டும் இரவைத் தூங்கிப் பார்ப்பவர்.
குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்னவனுக்குப்
பக்கத்து வீடு இருந்திருக்காது.

சிக்லாப்பில் வரிசையின் கடைசி வீடு எங்களுடையது.
பின்னால் ரம்புத்தான் மரம்,
ஓட்டின் மேல் மரநாய்,
ஓட்டின் கீழ் சுக்கு:
மூன்று வயது பீகிள்,
தரையைப் பெருக்கும் இரண்டு காது.
மூக்கு முதலில் போகும்.
நாய் அதன் பின்னால் போகும்.

நானும் ஒரு நோட்டு போட்டேன்.
வாசலில் தபால்காரர்: வவ் வவ், வெட்டி வெட்டி.
நான் வேலைக்குக் கிளம்பினால்: ஊளை,
அண்ணாந்து, ஒரே மூச்சில்,
மின்தூக்கி இல்லாத வீட்டில்
என்னை மூன்று முறை திரும்ப ஏற்றியிருக்கிறது படி.
பின்னிரவில் வருவது இரண்டுமில்லை.
அடித்தொண்டையில் பிறந்து
முன்கால்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும் ஒன்று,
சீவாளி பிளந்த நாதஸ்வரம்.
ஞமலி, ஞாளி என்று
நாய்க்கே அத்தனை பெயர் வைத்தவர்கள்
இதற்கொரு சொல் வைக்காமலா இருந்திருப்பார்கள்?
எனக்கு அகப்படவில்லை.
'கூவல்' என்று எழுதிக்கொண்டேன்.

'சும்மா இரு!' என்று கத்திப் பார்த்தேன்.
நானும் சேர்ந்துகொண்டேன் என்று மகிழ்ந்து
சுருதியை ஏற்றினான்.
குரைத்தால் எலுமிச்சைப்புல் தெளிக்கும் கழுத்துப்பட்டை,
எழுபத்தொன்பது வெள்ளி.
ஒரு நாள் மாட்டினேன்.
மூக்கே உலகமானவனை மூக்கிலேயே அடிப்பதா?
கழற்றிவிட்டேன், கடையில் திரும்ப எடுக்கவில்லை.

கால்களை நடத்திக் களைப்பாக்க முடியவில்லை,
ஈஸ்ட் கோஸ்ட் முழுக்க நடந்தும்
களைத்தது நான்தான்.
மூக்கைக் களைப்பாக்கினேன்.
பழைய துண்டில் ஏழு முடிச்சு,
முடிச்சுக்கு ஒரு நெத்திலி.
இருபது நிமிடம் உறிஞ்சல், சீறல்.
பிறகு மல்லாந்த உறக்கம்.
நோட்டில் ஊளைப் பக்கம் வெளிறத் தொடங்கியது.

கூவல் குறையவில்லை. பழம் பழுத்திருந்தது.

கத்தவும் தெம்பில்லாத ஒரு வியாழன்
எழுந்து போய் அவன் பக்கத்தில் குந்தினேன்.
அவன் மூக்கு நீட்டிய சுவரடியில்
என் மூக்கையும் வைத்தேன்.
பாண்டான் இலை.
யாரோ அரிசிப் பானையில் முடிச்சுப் போட்டதுபோல
ஈரமாய், இனிப்பாய்.
மரநாய் இப்படித்தான் மணக்குமாம், பிறகு தெரிந்தது.
மேலே, இலைகளுக்குள், இரண்டு கண்.

எவனோ வெகுதூரம் பின்தங்கி வருவான்,
அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றே
தலைமுறைகளாய் ஆக்கிய தொண்டை,
பின்னால் யாருமே வராத வீட்டில்.

'பாத்தாச்சு' என்றேன்.
அடுப்பை அணைத்தாயா என்று
கணவர் கேட்கும்போது சொல்லும் அதே குரலில்.
என்னைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான்.
அரை அளவில் இன்னொன்று விட்டான்.
தும்மினான். உள்ளே போனான்.

எல்லா இரவும் பலிக்கவில்லை.
நோட்டு சொல்கிறது: பதினொன்றில் ஏழு.
ஒரு முறை மரநாய் குட்டிகளோடு வந்தது,
அதற்கு எந்தச் சொல்லும் போதவில்லை.

நான்காவது கடிதம்:
'நாய் இப்போது பரவாயில்லை.
மூன்று மணிக்கு யாரோ
ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்.
அது என்ன?'
பொருளை எழுதி வேலியில் செருகினேன்.
பதில் இல்லை.

போன வாரம் காய்ச்சல்.
கணவர் பத்தாமில் வேலையாக.
சுக்கு கூவினான். எழ முடியவில்லை.
இரண்டாவது. மூன்றாவது, மிக நீளம்.
அந்தப்பக்கம் ஜன்னல் கிறீச்சிட்டது.

'பா-தா-சூ.'

அமைதி.

'பாதாசூ, லா. ஓகே?'

ஒரு தும்மல்.
தரைக்கற்களில் நகங்கள்.
ஓட்டின் மேல் மரநாய் நடந்து போகிறது,
அவசரமே இல்லாமல்.